நேத்து வந்தவன்

"நேத்து வந்தவன் ஓடை மேட்டுல எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தான். இன்னைக்கு வந்தவன் எறங்கல" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்ப்பார். முதல் தடவை கேட்பவர்கள் யாரோ இன்னொரு ஆளைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைப்பார்கள். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆளை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் அரை மணி நேரம் முன்னதாகவே கிணற்றடிக்குப் போய் நின்றிருக்கிறேன். யாரும் வரவில்லை, அவர்தான் வந்தார். நேற்று வந்தவன் என்பதும் அவர்தான் என்று எனக்குப் பிடிபட இன்னும் ஒரு வாரம் ஆனது.

எல்லாவற்றிலும் இதே கதைதான். காப்பி டம்ளரைக் கீழே வைத்தால் நேற்று வந்தவனைவிடச் சீக்கிரம் குடித்திருப்பார். கிணற்றுப் படி ஏறினால் நேற்று வந்தவன் நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கியிருப்பான். அவருடைய மனைவி ஒருநாள் எனக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணமாகி வந்த புதுசுல பயந்துட்டேன் தம்பி. வீட்டுல இவியளத் தவிர இன்னொரு ஆம்பள இருக்கான்னு. நேத்து வந்தவன் நாலு தோசை தின்னான், எனக்கு மூணு போதும்பாவ."

அவர் நகராட்சியில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எல்லோருக்கும் எச்.ஐ. சார். வாலிபத்தில் பட்டாளத்தில் நீச்சல் அணியில் இருந்தாராம், எங்கெங்கோ போட்டிகளுக்குப் போயிருக்கிறாராம். ஆனால் அந்தக் கதைகளை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே போட்டியாளன் நேற்று வந்தவன்தான். குட்டையான உருவம், பீப்பாய் மாதிரி மார்பு, காதில் எப்போதும் நல்லெண்ணெய் தொட்ட பஞ்சு. ஓய்வு பெற்ற மறுநாளும் விடிந்ததும் கிணற்றில் குதித்தார் என்று சொல்வார்கள். வேலையில் இருந்த நாட்களிலும் அப்படித்தானாம்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் கைக்கடிகாரத்தால் அல்ல, கம்பெனிக் கடிகாரத்தால். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு டைம் ஸ்டடி கிளார்க் வேலை. ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு தொழிலாளிகளின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அறுந்த நூலை ஒட்ட எத்தனை நேரம், நூல் சுற்றி நிறைந்த கண்டைக் கழற்ற எத்தனை நேரம் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலேயிருந்து வேலையைக் கூட்டி உத்தரவு வரும். மில்லில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இல்லை. கேண்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் எழுந்துதான் போயிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பழுது பார்க்கக் கொடுத்திருந்த அந்த வாட்சை ஒரு கடிகாரக் கடையில் திரும்ப வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அவர், தண்ணீர் புகுந்த தன் கைக்கடிகாரத்துக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். என் வாட்சைப் பார்த்ததும் சண்டையை விட்டுவிட்டார். "தம்பி, இது பொய் சொல்லாதுல்ல?" என்றார். சொல்லாது என்றேன். "நான் அந்த டீக்கடையத் தொட்டுட்டு வாரேன், அமுக்கிப் பாரு" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக்கட்டி நடக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்து "எம்புட்டு?" என்று கேட்டார். நான் சொன்னதும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். என் கையிலிருந்த வாட்சைப் பார்த்து ஒரு மனிதர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வரச் சொன்ன கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இத்தனைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே ஆகாது. கிணற்றின் மேல் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.

அந்தக் கிணறு இரண்டு ஊருக்கும் நடுவில், ரோட்டிலிருந்து மலைப்பக்கமாக ஒரு மைல் உள்ளே, ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. சதுரக் கிணறு. அந்தப் பக்கத்தில் அவ்வளவு பெரிய கிணறு வேறு இல்லை. போன முதல் நாளே நான் டேப்பைப் பிடித்து மேல் விளிம்பை அளந்தேன். ஒரு பக்கம் பன்னிரண்டரை மீட்டர். எட்டு முறை கடந்தால் நூறு மீட்டர். இவ்வளவு சரியாக ஒரு கிணறு வெட்டுவார்களா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து எட்டு கடவு என்றால் நூறு மீட்டர் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

என் வாட்ச் மில் வாட்ச். அதில் நிமிஷத்தை அறுபதாகப் பிரிக்காமல் நூறாகப் பிரித்திருக்கும். முள் நிற்கிற இடத்தைப் பார்த்து நான் மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் செகண்டைச் சொல்ல வேண்டும். அவர் ஈரக் கையால் படியைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, "எம்புட்டு?" என்பார். நான் கணக்குப் போடும் அந்தச் செத்த நேரம் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார். தண்ணீருக்குள் இருந்ததைவிட அப்போதுதான் அவர் அதிக நேரம் மூச்சை அடக்குகிறார் என்று எனக்குத் தோன்றும்.

நம்பர் குறைந்துகொண்டே வந்தது. மார்கழி, தை மாதங்களில் ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் ஆகும். "தண்ணி குளுந்து கெடக்குல்ல, கை கட்டிக்கிடுது" என்பார். மாசி, பங்குனியில் குறையும். சித்திரை, வைகாசியில் ஒன்று முப்பதுக்கு வந்துவிடும். அடுத்த வருஷம் வைகாசியில் ஒன்று இருபத்தெட்டு. அதற்கடுத்த இரண்டு வருஷத்தில் ஒன்று இருபத்தாறு. அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் வருஷா வருஷம் வேகம் கூடிக்கொண்டே போகிறார். நான் அதைக் கிராஃப் போட்டு வைத்திருந்தேன். மில்லில் நான் போட்ட எந்தக் கிராஃபும் அத்தனை அழகாக இருந்ததில்லை.

கை போடும் எண்ணிக்கையும் குறைந்தது. தையில் ஒரு கடவுக்குப் பத்து முறை கை போடுவார், வைகாசியில் எட்டு. கண்ணை மூடிக்கொண்டு எண்ணித்தான் நீந்துவார். தண்ணீர் பச்சையாக இருக்கும், திறந்தாலும் சுவர் தெரியாது. எண்ணிக்கை முடிந்ததும் தலைகுப்புறச் சுருண்டு சுவரை உதைத்துத் திரும்புவார். அதைப் பார்க்கத்தான் தோப்புக்காரரே சில நாள் வருவார். "கை நீளுதோ என்னமோ தம்பி" என்று ஒருநாள் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அதையும் நம்பினேன்.

அவரிடம் நீச்சல் பழக வந்தவர்கள் பலர். பாண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவர்கள், அச்சகத்துக்காரர், வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் பெண்கள் மட்டும். பேங்கில் வேலை பார்த்த ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும், கயிற்றைப் பிடித்த பிடியை ஒரு மாதமாக விடவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பயம் வந்தால் தெலுங்கில்தான் சாமியைக் கூப்பிடுவார். சார் திட்டவில்லை, தைரியமும் சொல்லவில்லை. கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டார். "நேத்து வந்த அம்மா இந்த முடிச்சத் தாண்டல. நீங்க யாரு, புதுசா வந்திருக்கிய. அடுத்த முடிச்சத் தொட்டுட்டு வந்துருங்க" என்றார். அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்து, "யாரு சார், நேத்து வேற யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். நான் மேலே நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்று மாதத்தில் அந்த அம்மா குறுக்கே நீந்திப் போனார். கரையேறியதும் அழுதுவிட்டார் என்று கீழே நின்ற பெண்கள் சொன்னார்கள்.

தொண்ணூறாம் வருஷத்தைத் தாண்டி ஒரு மாசி மாதம் அவருக்குப் படியில் ஏறும்போது மார்பைப் பிடித்தது. நேற்று வந்தவனும் இல்லை, இன்று வந்தவனும் இல்லை, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பெரிதாக ஒன்றுமில்லை, வயசைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார். அவருடைய மனைவிதான் விடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும். இத்தன வருசம் நீந்தியாச்சு. மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுங்க, நீங்க எறங்காதிய" என்றார். நான் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆனி மாதம் மதுரையில் மூத்தோருக்கு ஒரு நீச்சல் போட்டி நடக்க இருந்தது. நோட்டீஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டினார். "இதுல நூறு மீட்டர் இருக்கு. ஒன்றரை நிமிசத்துக்குள்ள வந்துட்டேன்னா, நீ என்னிய ஒன்னும் சொல்லப்படாது. வரலைன்னு வையி, அதுக்குப் பொறவு கிணத்துல கால் வைக்க மாட்டேன். சத்தியம்" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "வருவாவளா தம்பி?" என்று கேட்டார். நான் நோட்டைப் பிரித்துப் போன வருஷத்து ஒன்று இருபத்தாறைக் காட்டினேன். "தாராளமா வருவாங்கம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. வைகாசி நடுவில் கிணற்றில் தண்ணீர் மிகவும் கீழே போய்விட்டது. அப்போது அவர் ஒன்று இருபத்திரண்டு வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுவாரம் தோப்புக்காரர் கிணற்றை இறைத்துத் தூர் வார ஏற்பாடு செய்தார். அதனால் சாருக்கு நான்கு நாள் லீவு. நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சுவரில் ஒரு பக்கம் கல் பெயர்ந்திருந்தது, அதற்கு அளவு எடுக்க ஒரு ஆள் டேப்போடு கீழே நின்று சத்தம் போட்டுச் சொன்னான். "அண்ணே, அடில இருபத்தெட்டு அடி. தண்ணி கெடந்த கோடு வரைக்கும் முப்பத்திமூணு."

மேலே நாற்பத்தோரு அடி. அது எனக்கு மனப்பாடம்.

தோப்புக்காரரிடம் கேட்டேன். அவருக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. "பாறையில வெட்டுன கிணறுல்லா? நேராவா வெட்டுவாவ, சரிஞ்சுரும். கீழ போகப் போக ஒடுக்கிக்கிட்டேதான் போவாவ" என்றார். நான் ஐந்து வருஷம் மேலே நின்று பார்த்திருக்கிறேன். எட்டிப் பார்த்தால் கிணறு கீழே ஒடுங்கித்தான் தெரியும். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிவது கண்ணின் இயல்பு என்று நினைத்துக்கொண்டேன். கீழே இறங்கிப் பார்க்கப் பயம். மில்லில் ஒரு தொழிலாளியின் கை அரை செகண்ட் தாமதித்தால் கண்டுபிடிக்கிறவன் நான். இங்கே எட்டு கடவில் இருபது மீட்டரைத் தொலைத்திருக்கிறேன்.

மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தண்ணீர் இறங்க இறங்க அவர் நீந்தும் தூரம் குறைந்திருக்கிறது. வருஷா வருஷம் வறட்சி கூடக் கூட, வைகாசியில் தூரம் இன்னும் குறைந்திருக்கிறது. அவர் வேகம் கூடவே இல்லை. மெதுவாகக் குறைந்துகொண்டு வந்திருக்கிறது, எல்லோருக்கும் குறைவது மாதிரி. நிஜமான நூறு மீட்டருக்கு ஒன்று நாற்பத்தைந்துக்கு மேல்தான் ஆகும். என் அழகான கிராஃப் அவருடையது அல்ல, கிணற்றுடையது.

அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பென்ஷன் வேலையாக வெளியே போயிருந்தார். அந்த அம்மா உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனார். மேசையில் அவருடைய பழைய ஆபீஸ் நோட்டு ஒன்று, பேரன் கிறுக்கி விளையாடக் கொடுத்தது, திறந்து கிடந்தது. நகராட்சிக் குடிநீர்க் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிற கணக்கு. ஒவ்வொரு கிணற்றுக்கும் அவர் கையெழுத்தில் இரண்டு அகலம் எழுதியிருந்தது. மேல் அகலம் ஒன்று, நீர்மட்டத்தில் அகலம் ஒன்று. எந்தக் கிணற்றுக்கும் இரண்டும் ஒன்றாக இல்லை.

முப்பது வருஷம் கிணறுகளை அளந்தே பிழைத்த மனிதர். கீழே ஒடுங்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தால் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? பத்து கை எட்டானபோது, கை நீளுதோ என்று கேட்டாரே, அது என்னைக் கேலி செய்ததா, இல்லை நிஜமாகவே கேட்டதா? நோட்டில் இருந்தது ஊர்க் கிணறுகள்தானே, தோப்புக் கிணறு அதில் இல்லையே என்றும் ஒரு எண்ணம். தன் வேலைக்கென்றால் ஒரு கணக்கு, தன் ஆசைக்கென்றால் வேறு கணக்கு என்று மனிதர்கள் இருப்பதில்லையா? நான் இல்லையா? காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். சொல்ல வேண்டியதை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

மதுரைக்குப் போகிற பஸ்ஸில்தான் சொன்னேன். அதுவும் கிருஷ்ணன்கோவில் தாண்டிய பிறகு. அவர் மடியில் வேர்க்கடலைப் பொட்டலம் வைத்துத் தோலை ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நம்ம கிணறு வைகாசியில பத்து மீட்டர்தான். பன்னிரண்டரை இல்ல."

அவர் கடலையை நிறுத்தவில்லை. "மதுரைக் குளம் எத்தன மீட்டரு?"

"அம்பது சார்."

"தண்ணி வத்துனாலும் அம்பதுதான?"

"ஆமா சார்."

"அப்ப அங்க போய்ப் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லி, மீதிக் கடலையை என் கையில் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியாது. நான் மதுரை வரைக்கும் அந்த மூன்று வரிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முன்பே தெரியும் என்கிறாரா, இப்போதுதான் தெரிந்தது என்கிறாரா, தெரிந்தால் என்ன என்கிறாரா? மூன்றுக்கும் அதே வார்த்தைகள் பொருந்தின. சத்தியம் செய்திருக்கிறீர்களே, திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

குளம் நீலமாக, அடிவரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. ஆறு பேர். விசில் ஊதியதும் அவர்தான் முதலில் தண்ணீரில் விழுந்தார். கை வீச்சு அப்படியே இருந்தது, கிணற்றில் பார்த்த அதே வீச்சு. நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு, ஏழு, எட்டு. எட்டாவது கையில் அவர் தலை உள்ளே போனது, முதுகு சுருண்டது. அங்கே சுவர் இல்லை. முன்னால் இன்னும் நாற்பது மீட்டர் தண்ணீர் கிடக்க, ஒரு கை எதையோ தடவிப் பார்த்தது. பிறகு தலை மேலே வந்தது. தண்ணீரை விழுங்கியிருப்பார், இருமினார். என் பக்கத்தில் நின்ற ஒருவர், "என்னத்தத் தேடுறாரு?" என்றார். மற்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள். அவர் மறுபடி கையை வீசத் தொடங்கினார். அடுத்த எட்டிலும் உடம்பு லேசாகத் திரும்பப் பார்த்தது, அவர் விடவில்லை. கடைசி ஆளாக, நிறுத்தாமல், முழுசாக நீந்தி முடித்தார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து "எம்புட்டு?" என்றார்.

"ஒன்னு அம்பத்திமூணு சார்."

"சரி" என்றார். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டார். ஊர் வந்து சேரும் வரை அவர் நேற்று வந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் போனபோது அந்த அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். வாளியை அப்படியே வைத்துவிட்டு, "என்னாச்சு? எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டார். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். "வாட்ச் தம்பிகிட்டதான இருந்துச்சு" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மாசி மாதம் "வருவாவளா தம்பி" என்று கேட்டபோது பார்த்த அதே பார்வைதான். அன்று நான் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அந்தச் சத்தியத்தை அந்த அம்மா ஏற்றுக்கொண்டார். நாளைக் காலை விடிந்ததும் ஒரு மனிதர் கிணற்றுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்றால், அது என்னால்தான். என் டேப்பால், என் கிராஃபால். வாழ்நாளில் ஒரு செகண்டைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை நான். மில்லில் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களுக்குக்கூடக் குறைத்து எழுதியதில்லை.

"ஒன்னு இருபத்தெட்டும்மா" என்றேன்.

அவர் நிமிரவில்லை. செருப்பை ஜோடியாகச் சுவரோரம் வைத்தார், கால் கழுவினார், உள்ளே போனார். அந்த அம்மா எனக்குக் கேசரி கிண்டித் தந்தார். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல் வந்தார். சைக்கிளைச் சாய்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து பிள்ளைகளை விரட்டினார். சளி என்றார். அடுத்த வாரமும் சளி. ஆடி, ஆவணி போய்க் கார்த்திகை வந்தது. மழை பெய்து கிணறு நிரம்பி, மேலே பன்னிரண்டரை மீட்டரும் தண்ணீராகக் கிடந்தது. அவர் இறங்கவில்லை. கால்கூட நனைக்கவில்லை, கடைசிக்கு மூன்று படி மேலேயே நின்றுகொள்வார். வந்தவர்கள் எல்லோரும், சார் மதுரையில் சாதித்துவிட்டார், போதும் என்று நிறுத்திவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பேங்க் அம்மா மாலை வாங்கி வந்து போட்டார். அவர் அதைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கிணறு ஐந்து வருஷம் சொன்ன பொய்யைத் தெரிந்தோ தெரியாமலோ வாங்கிக்கொண்டவர், நான் சொன்ன ஒரு பொய்யை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருக்கக் கூடாதா? அதற்குத்தானே சொன்னேன்? யாருக்காக அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறார்? அதை வாங்கிக்கொண்ட அம்மாவுக்கே இவர் தோற்றது தெரியாதே? சில நாள் அவர்மேல் கோபம் கோபமாக வரும். பிறகு அவர் மற்றவர்களுக்கு "எம்புட்டு தம்பி?" என்று கேட்டு, நான் சொல்லும் நம்பரை அப்படியே நம்பித் தலையாட்டும்போது, கோபம் என் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாவே தோப்புக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. மரத்தடியில் நின்று, கீழே படியில் உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏன் தம்பி, ஜெயிச்சுட்டுத்தான வந்தாவ? பொறவு ஏன் எறங்க மாட்டேங்காவ? நான் ஒன்னும் சொல்லலையே. ராத்திரியெல்லாம் தூக்கத்துல கை ரெண்டும் அசையுது. எண்ணுதாவ."

நான் வாட்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நீங்க மதுரைக்குப் போன அன்னைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவியளாவது ஒன்றரை நிமிசத்துல வாறதாவதுன்னு நெனச்சேன். தோத்துப் போய் வந்து நின்னாவன்னா, 'சத்தியமும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம், விடிஞ்சா கிணத்துக்குப் போங்க'ன்னு சொல்லிரணும்னு, வாசல் தெளிக்கயில அதையேதான் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து ஜெயிச்சுட்டாவன்னதும், அதச் சொல்றதுக்கு எடமில்லாமப் போயிருச்சு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பம்ப்செட்டுப் பக்கம் போனார். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிணற்றுப் படியில் இறங்கினேன். சுவரைப் பிடித்துப் பிடித்து, அவர் உட்கார்ந்திருந்த படி வரைக்கும் போனேன். கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டு நீந்தினார்கள்.

"சார், அம்மாகிட்ட நான் சொல்லிருதேன்."

"எத?"

"மதுரை நம்பர. நான் பொய் சொன்னேன்னு சொல்லிருதேன். அவங்க ஒன்னும் நெனைக்க மாட்டாங்க சார். அவங்களே ஒங்கள எறங்கச் சொல்லுவாங்க."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுப் பஞ்சை எடுத்துத் திருகி மறுபடி வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, வழுக்காத இடமாகப் பார்த்து என்னை உட்கார வைத்தார்.

"நீ சொன்னப்ப நானும் அங்கனதான தம்பி நின்னேன். இல்லைன்னு சொல்லலையே" என்றார்.

மேலே அந்த அம்மா எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து, சட்டையை உதறிக்கொண்டு, படி ஏறினார்.